கையெழுத்திட ஒரு மன்றம்: சகோதர நகர உறவுகளும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரமும்

சகோதர நகர உறவு என்பது இரண்டு நாடுகளைச் சேர்ந்த இரண்டு உள்ளாட்சி அமைப்புகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் நீண்டகால ஏற்பாடு. அரசுகள் செய்யும் உடன்படிக்கையோ கம்பெனிகள் செய்யும் வணிக ஒப்பந்தமோ அதில் சேராது. இரு நகர மன்றங்களின் ஒப்புதலோடு இரு மேயர்கள் கையெழுத்திடுவார்கள். ஆவணம் இரண்டு மூன்று பக்கங்களைத் தாண்டுவது அபூர்வம். முதல் பத்தியில் நட்பும் நல்லெண்ணமும் இருக்கும். அடுத்து, ஒத்துழைக்கும் துறைகளின் பட்டியல் வரும்: கல்வி, பண்பாடு, சுற்றுலா, வணிகம், நகர நிர்வாகம். அதற்கும் கீழே, படிப்பவர் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் இடத்தில், வழக்கமாக மூன்று வாசகங்கள் இருக்கும். அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டும்; இந்த ஆவணத்தால் சட்டப்படியான கடமை எதுவும் எழாது; முன்னறிவிப்புக் கொடுத்து எந்தத் தரப்பும் விலகிக்கொள்ளலாம். உறவின் பலமும் பலவீனமும் இந்த மூன்று வாசகங்களில் அடங்கியிருக்கின்றன. யாரையும் கட்டிப்போடாததால் தொடங்குவது எளிது. அதே காரணத்தால் தூங்கிப்போவதும் எளிது.

அமெரிக்காவின் டொலிடோவும் ஸ்பெயினின் டொலிடோவும் 1931இல் பெயர்ப் பொருத்தத்தை வைத்து உறவு கொண்டாடின. ஆனால் இன்றுள்ள வடிவத்துக்கு அடித்தளம் போட்டது இரண்டாம் உலகப் போர். 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைத் தரைமட்டமாக்கின. அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டாலின்கிராடு அதைவிடப் பெரிய அழிவைக் கண்டது. கவென்ட்ரிப் பெண்கள் 830 பேர் ஒரு மேசைவிரிப்பில் தங்கள் பெயர்களைப் பூவேலையாகத் தைத்து, ஆளுக்குச் சில்லறைக் காசாகத் திரட்டிய பணத்தோடு ஸ்டாலின்கிராடு பெண்களுக்கு அனுப்பினார்கள். 1944இல் இரு நகரங்களும் முறைப்படி இணைந்தன. உதவிப் பணம் சிறியதுதான். ஆனால் முகம் தெரியாத ஊரின் துயரத்துக்கு மன்றம், பெண்கள் குழு, தொழிற்சாலைத் தொழிலாளர் என்று பலரும் பங்களித்த முறை அங்கே உருவானது. ஒரு நகரம் மற்றொரு நகரத்தோடு நேரடியாகப் பேசலாம், தலைநகரம் வழியாகத்தான் போகவேண்டும் என்பதில்லை என்பதும் அதன்மூலம் நிலைபெற்றது.

போருக்குப் பின் இதைவிடக் கடினமான வேலை காத்திருந்தது. பிரான்சும் ஜெர்மனியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க விரும்பாத காலம் அது. 1950இல் பிரான்சின் மோன்பெலியாரும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கும் இணைந்தன; பிரெஞ்சு–ஜெர்மானியச் சகோதர நகரங்களில் இதுவே முதலாவது. பிரெஞ்சுத் தரப்பில் அப்போது மேயராக இருந்த லூசியன் தராதன், நாஜி எதிர்ப்புப் போராளி. பூக்கன்வால்ட் வதைமுகாமில் அடைக்கப்பட்டு உயிரோடு திரும்பியவர். அவரே ஜெர்மன் நகரம் ஒன்றோடு கைகோக்க முன்வந்ததால், ஊரில் மறுப்புச் சொல்ல நினைத்தவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள். சென்னையை அடுத்த கார்த் தொழில் வட்டாரமான ஒரகடத்தின் கண்ணோட்டத்தில் இந்த இணைப்பில் இன்னொரு விசேஷமும் உண்டு. மோன்பெலியார் பெஜோ கார் தயாரிப்பின் தாயகம். லுட்விக்ஸ்பர்க் இருப்பது டெய்ம்லரின் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகில். இரண்டு நாட்டுக் கார்த் தொழில் வட்டாரங்களுக்கு நடுவே ஓர் உறவு பிறந்தது. அதைப் பிறப்பித்தவை கார் கம்பெனிகள் அல்ல, ஊர் மன்றங்கள்.

அமெரிக்காவில் தொடக்கம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. டென்வர் நகர ஆசிரியை அமான்டா நெக்ட், போரில் நொறுங்கிப்போன பிரெஞ்சுத் துறைமுகமான பிரெஸ்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவருடைய கிழக்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சில்லறை சேர்த்தே 32,000 டாலர் திரட்டி, பிரெஸ்ட் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை மீண்டும் கட்ட உதவினார்கள். 1948இல் டென்வரும் பிரெஸ்டும் சகோதர நகரங்கள் ஆயின. 1955இல் அமெரிக்காவின் செயின்ட் பாலும் அணுகுண்டு விழுந்த நாகசாகியும் இணைந்தன. 1956 செப்டம்பரில் அதிபர் ஐசன்ஹோவர் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாட்டைக் கூட்டி, மக்களுக்கும் மக்களுக்கும் நேரடி உறவு என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குத் தேசிய அந்தஸ்து கிடைத்தது. பனிப்போர்க் காலத்தில் அதற்குப் பிரச்சாரப் பயனும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

நடைமுறையில் இந்த உறவை யார் நடத்துகிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் மேயர் கையெழுத்துப் போட்டதோடு அவர் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். மிச்சத்தைச் செய்வது ஊர்த் தன்னார்வலர்களின் குழு. அதில் அந்த நாட்டிலிருந்து குடியேறியவர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், சிறு வணிகர்களும் இருப்பார்கள். வரும் மாணவர்களைத் தங்கள் வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுவதும், போகிறவர்களுக்குப் பணம் திரட்டுவதும் அந்தக் குழுதான். ஐரோப்பாவில் நகர மன்றமே செலவில் ஒரு பங்கை ஏற்கும்; 1989 முதல் (இன்றைய) ஐரோப்பிய ஒன்றியமும் இதற்கென நிதி ஒதுக்குகிறது. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 2005இல் வந்த சட்டம், நகரங்களும் நீர் வாரியங்களும் தங்கள் குடிநீர், கழிவுநீர் வரவுசெலவில் 1 விழுக்காடு வரை வெளிநாட்டு நகரங்களின் நீர்த் திட்டங்களுக்குச் செலவிட அனுமதிக்கிறது. நல்லெண்ணம் என்ற சொல்லுக்கு ஒரு கணக்குத் தலைப்பு கிடைத்த இடம் அது.

ஜப்பானியர் இதிலும் கறாரானவர்கள். உள்ளாட்சிகளின் பன்னாட்டு உறவுகளுக்காக 1988இல் அங்கே அமைக்கப்பட்ட மன்றம், ஓர் உறவைச் சகோதர நகர உறவாகக் கணக்கில் எடுக்க மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது. இரு ஊர்த் தலைவர்களும் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். பரிமாற்றம் ஏதோ ஒரு துறையோடு நின்றுவிடக் கூடாது. உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதலும் அதற்கு இருக்க வேண்டும். மூன்றாவது அளவுகோல்தான் முக்கியமானது. மன்றம் ஒப்புக்கொண்டால்தான் வரவுசெலவில் இடம் கிடைக்கும். இடம் கிடைத்தால்தான் மேயர் மாறினாலும் உறவு மாறாது. இந்தியாவில் இந்த உறவுகள் தடுமாறும் இடமும் இதுவே.

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி வெளியுறவு முழுக்க ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. ஒரு மாநகராட்சி நேராக வெளிநாட்டு நகரத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட முடியாது. மாநகராட்சியின் கருத்துரு மாநில அரசுக்குப் போகும். அங்கிருந்து வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும். 2014இல் அந்த அமைச்சகத்தில் மாநிலங்களுக்கெனத் தனிப் பிரிவு அமைந்த பிறகு கோப்புக்கு ஒரு முகவரியாவது இருக்கிறது. மேயரோ ஆணையரோ வெளிநாடு செல்ல அரசியல் அனுமதி வேண்டும். அங்கே அவர்கள் தரும் விருந்தோம்பலை அரசு ஊழியர் ஏற்பதற்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். டென்வரில் ஓர் ஆசிரியையும் மாணவர்களும் தொடங்கிவைத்த காரியம் இங்கே மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. பிரதமர் வெளிநாடு போகும்போது கையெழுத்தாகும் ஆவணங்களின் அடுக்கில் சகோதர நகரமும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சென்னையின் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு காலத்தின் வெளியுறவுக் காற்றும் எந்தப் பக்கம் வீசியது என்பது தெரிந்துவிடும். சோவியத் நட்பு ஓங்கியிருந்த 1966இல் வோல்கோகிராடு. அது ஸ்டாலின்கிராடின் பிந்தைய பெயர். அமெரிக்காவுக்கு இளைஞர்கள் படிக்கப் போகத் தொடங்கிவிட்ட 1984இல் டென்வர். மென்பொருள் காலமான 2008இல் சான் அன்டோனியோ. தமிழர் திரளாக வாழும் கோலாலம்பூர் 2010இல். பிரதமரின் சீனப் பயணத்தின்போது 2015 மே மாதம் சோங்சிங். கடைசியாகச் சொன்னது 2020 எல்லை மோதலுக்குப் பிறகு பேச்சிலிருந்தே மறைந்தது. 2019 அக்டோபரில் மாமல்லபுரம் சந்திப்பின்போது தமிழ்நாட்டுக்கும் ஃபூஜியன் மாகாணத்துக்கும் சகோதர மாநில உறவு ஏற்படுத்த இசைவு காணப்பட்டது. ஃபூஜியனின் துறைமுகமான சுவான்சோவில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்–சீன இருமொழிக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன வணிகர்கள் அங்கே சிவன் கோயில் எழுப்பியிருந்தார்கள். எழுநூறு ஆண்டுக்கு முந்தைய வணிகர்களிடம் எந்த அமைச்சகமும் கோப்பு கேட்கவில்லை.

சென்னையின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது, நாட்டிலேயே பழமையானது. ஆனால் 1973இல் அதன் மன்றம் கலைக்கப்பட்டு, 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. தனி அதிகாரி ஆட்சி. ஆகவே 1984இல் டென்வரோடு உறவு ஏற்பட்டபோது, டென்வரில் மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் மன்றமும் இருந்தார்கள். சென்னையில் இரண்டும் இல்லை. 2016 அக்டோபரில் மீண்டும் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். சோங்சிங் ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள் அதைக் கேட்பதற்கு உறுப்பினர்கள் இல்லாமல் போனார்கள். மன்றத்துக்கு மன்றம் என்று வரையறுக்கப்பட்ட உறவில் ஒரு பக்கத்து நாற்காலி இருபத்தெட்டு ஆண்டுக்கு மேல் காலியாக இருந்தது. சென்னையின் சகோதர நகரங்களைச் சென்னைவாசிகளே அறியாமல் இருப்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

சென்னைக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நிலைமை தலைகீழாக இருக்கிறது. அங்கே சகோதர நகர ஆவணம் ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டு உறவு தெருவெங்கும் இருக்கிறது. ராமானுஜர் பிறந்த ஊராகவும், 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊராகவும் அறியப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி, 1990களின் நடுவிலிருந்து மாநிலத் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் நிலம் எடுத்து மனை பிரித்தது. 1996இல் இந்தியாவில் கம்பெனி பதிவு செய்த ஹூண்டாய், இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் சான்ட்ரோ காரை வெளியே கொண்டுவந்தது. 2000இல் பிரான்சின் செயின்ட் கோபேன் கண்ணாடி உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா, 2007இல் சாம்சங், 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ–நிசான், ஆண்டுக்கு நான்கு லட்சம் வண்டி என்ற திறனோடு, 2012இல் அதே ஒரகடத்தில் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி. வல்லம் வடகாலில் யமஹா. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஊர்வதையும், சற்றுத் தள்ளி நெடுஞ்சாலையோரக் கடைகளில் கொரிய எழுத்தில் உணவக விளம்பரம் தொங்குவதையும் பார்க்கலாம்.

இந்தக் கம்பெனிகளின் தாய்நாட்டு ஊர்கள் இந்தியாவில் யாரோடு சகோதர உறவு வைத்திருக்கின்றன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நிசானின் தலைமையகம் உள்ள யோகோஹாமா, 1965 முதல் மும்பையின் சகோதர நகரம். டெய்ம்லரின் ஸ்டுட்கார்ட், 1968 முதல் மும்பையின் சகோதர நகரம். ஸ்டுட்கார்ட்டில் இந்தியத் திரைப்பட விழாவே நடந்துவருகிறது. கொரியாவின் பூசான், 1977 முதல் அதே மும்பையோடு. இன்னொரு கொரிய நகரமான கிம்ஹேயின் தெரிவு இன்னும் விசித்திரமானது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கொரிய நூலான சம்குக் யூசாவில் 'அயுத' நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து கிம்ஹே அரசனை மணந்த இளவரசி ஒருத்தி வருகிறாள். அந்த 'அயுத' அயோத்தி என்று கொண்டு, 2001இல் அயோத்தியில் சரயு நதிக்கரையில் அவளுக்கு நினைவிடம் எழுந்தது. இரு ஊர்களும் உறவாயின. இளவரசி தென்னகத்தவள் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கு முடியப்போவதில்லை. முடிந்துபோன ஒன்று மட்டும் தெரிகிறது. கொரியாவிலிருந்து உண்மையில் கடல் கடந்து வந்த பொறியாளர்களும் அச்சுவார்ப்பு எந்திரங்களும் இறங்கிய இடம் இருங்காட்டுக்கோட்டை. ஆவணம் அங்கே வரவில்லை.

வராததற்குக் காரணம் அலட்சியம் இல்லை, அமைப்பு. கையெழுத்திட ஒரு மன்றம் வேண்டும். இந்த வட்டாரம் ஒரே நகரமாக இயங்குகிறது, ஒரே நகரமாக ஆளப்படவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஊரைத் தவிர்த்தால், தொழிற்பேட்டைகளும் அவற்றை ஒட்டிய குடியிருப்புகளும் பெரும்பாலும் கிராம ஊராட்சிகளின் எல்லைக்குள் வருகின்றன. தொழிற்பேட்டைக்குள் சாலை, தண்ணீர், மனை ஒதுக்கீடு எல்லாம் சிப்காட். அது 1971இல் அமைக்கப்பட்ட மாநில அரசு நிறுவனம், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் அல்ல. தொழிற்சாலை நிர்வாகமே நகராட்சிப் பணிகளைச் செய்தால் அந்த இடத்தில் நகராட்சி அமைக்காமல் விடலாம் என்று அரசமைப்பின் 243-க்யூ பிரிவே விலக்குத் தருகிறது. எழுபத்து நான்காம் திருத்தம் எல்லா நகரத்துக்கும் மன்றம் கொடுக்க வந்தது. தொழில் ஊர்களுக்கு மட்டும் அதே திருத்தத்தில் ஒரு பின்வாசல் விடப்பட்டது. இந்த வட்டாரத்தில் ஊராட்சிகளைத் துண்டு துண்டாக வைத்திருப்பதன் மூலம் கிட்டத்தட்ட அதே நிலை உருவாகியிருக்கிறது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி இதன் அளவைக் காட்டும். 706.50 கோடி ரூபாய். 18,720 பேருக்கு இடம். ஐரோப்பாவில் சகோதர ஊர்களாக இணைந்து, தங்களுக்குள் மாணவர்களையும் இசைக்குழுக்களையும் அனுப்பிக்கொண்டிருக்கும் பல சிற்றூர்களின் மொத்த மக்கள்தொகை இதைவிடக் குறைவு. அந்தச் சிற்றூர்களுக்கு மேயர் உண்டு. இந்த விடுதியில் இருப்பவர்களுக்கு வார்டு உறுப்பினர் யார் என்றால், பெரும்பாலோரின் வாக்கு இன்னும் சொந்த ஊரில் இருக்கிறது.

ஆவணம் இல்லாத இடத்தை வேறு சில ஏற்பாடுகள் நிரப்பியிருக்கின்றன. மாநிலமும் மாகாணமும் பேசிக்கொள்வது ஒன்று; யோகோஹாமாவைத் தலைநகராகக் கொண்ட கனகாவா மாகாணம் தமிழ்நாட்டு அரசோடு ஒத்துழைப்பு ஆவணம் செய்திருக்கிறது. இன்னொன்று, பயிற்சி பெற்றவர்களின் சங்கம். 1959இல் ஜப்பானில் தொடங்கிய ஏஓடிஎஸ் அமைப்பு வளரும் நாடுகளின் பொறியாளர்களையும் மேற்பார்வையாளர்களையும் அழைத்துத் தொழிற்பயிற்சி கொடுத்தது. அங்கே போய்வந்த தமிழ்நாட்டுக்காரர்கள் சேர்ந்து சென்னையில் நடத்தும் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய், ஜப்பானிய மொழியும் நிர்வாக முறைகளும் கற்றுத்தருகிறது. ஒரகடத்தில் வேலைக்குச் சேர ஜப்பானிய மொழிச் சான்றிதழ் எடுக்கும் இளைஞனுக்கு யோகோஹாமாவின் மேயர் யார் என்று தெரியாது, தோசோகாய் தெரியும். கொரியப் பக்கத்தில் 2006இல் சென்னையில் தொடங்கிய இன்கோ மையம் மொழி, நடனம், ஓவியம் என்று அதே வேலையைச் செய்கிறது. சகோதர நகரக் குழுக்கள் அமெரிக்காவில் செய்யும் பணி ஏறக்குறைய இதுதான். ஆனால் இவற்றின் இருப்பிடம் சென்னை. தொழிற்சாலையை அடுத்த கிராமத்துப் பள்ளிக்கூடம்வரை அவை எட்டுவது கடினம்.

மற்றதெல்லாம் கம்பெனி வழியாக வருகிறது. பள்ளிக்கு வகுப்பறை, ஊருக்குக் குடிநீர்த் தொட்டி, ஏரிக்குத் தூர்வாரல்: சமூகப் பொறுப்பு நிதியில் இவை நடக்கின்றன, நன்றாகவே நடக்கின்றன. அந்த உறவுக்கு ஆயுள் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்லும் அனுபவம் இதே ஸ்ரீபெரும்புதூரில் நடந்திருக்கிறது.

நோக்கியா 2006 ஜனவரியில் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் நேரடி ஊழியர் மட்டும் சுமார் 8,000 பேர். அவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். வரி வழக்கில் சிக்கியதால் 2014இல் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய சொத்துகளில் இந்த ஆலை சேரவில்லை, ஆர்டர் நின்றது, 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி முடிந்தது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் மட்டும் இதை அனுபவிக்கவில்லை. 2008இல் ஜெர்மனியின் போஹும் நகரில் நோக்கியா ஆலையை மூடி, ருமேனியாவில் க்ளூஜ் அருகேயுள்ள ஜூகு கிராமத்துக்குப் போனது. மூன்றே ஆண்டில், 2011இல், ஜூகுவும் மூடல் அறிவிப்பைக் கேட்டது. 2012இல் பின்லாந்திலேயே, நோக்கியாவின் கோட்டையாக இருந்த சாலோ நகரத்தில் உற்பத்தி நின்றது. போஹும், ஜூகு, சாலோ, ஸ்ரீபெரும்புதூர் என நான்கு ஊர்கள், ஒரே கம்பெனி, ஒரே வகையான இழப்பு. வேலை இழந்தவர்களை எங்கே மறுபயிற்சிக்கு அனுப்புவது, காலி ஆலையில் யாரைக் குடியமர்த்துவது, வாடகைக்கு வீடு கட்டிக் கடனில் நிற்பவர்களுக்கு என்ன சொல்வது என்ற கேள்விகளை முதலில் சந்தித்த ஊர் அடுத்த ஊருக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும். கம்பெனியின் உறவு கம்பெனியோடு போய்விட்டது. ஊர்களுக்கிடையே எதுவும் இருக்கவில்லை. 2019இல் மூடிக்கிடந்த அந்த ஆலையை எடுத்துக்கொள்ள முன்வந்தது சால்காம்ப் என்ற சார்ஜர் தயாரிப்பு நிறுவனம். அது வேரூன்றிய ஊர் சாலோ. சாலோவும் ஸ்ரீபெரும்புதூரும் இரண்டு முறை ஒரே கூரையின் கீழ் வந்திருக்கின்றன. இரு ஊர்த் தலைவர்களும் ஒருமுறைகூடக் கடிதம் எழுதிக்கொள்ளும்படியான ஏற்பாடு இல்லை.

ஆவணம் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று எண்ணவும் கூடாது. உலகம் முழுவதும் சகோதர நகரங்களில் கணிசமானவை பெயரளவில் உள்ளவை: கல்யாணம் முடிந்து சம்பந்திகள் போக்குவரத்தில்லாமல் நின்றுபோன வீடுகள்போல. மேயர் மாறுவார், தன்னார்வலர்களுக்கு வயதாகும், அடுத்த தலைமுறைக்குப் பிரெஞ்சு மொழியைவிட வேறு ஆசைகள் இருக்கும். அரசியலும் உள்ளே வரும். சான் பிரான்சிஸ்கோவும் ஒசாகாவும் 1957 முதல் சகோதரர்கள். ஜப்பானிய ராணுவத்தால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்குச் சான் பிரான்சிஸ்கோவில் சிலை வைத்ததைக் காரணம் காட்டி, 2018இல் ஒசாகா மேயர் உறவை முறித்தார். ப்ராக் நகரம், ஒப்பந்தத்தில் தைவான் பற்றிய வாசகத்தை நீக்கக் கேட்டு, முடியாமல் 2019இல் பெய்ஜிங்கோடு பிரிந்தது. 2020 ஜனவரியில் தைபேயோடு கைகோத்தது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நகரங்கள் பல ரஷ்ய நகரங்களுடனான உறவை நிறுத்திவைத்தன. போரின் நடுவே பிறந்த ஏற்பாடு வேறொரு போரில் நின்றுபோனது.

நிலைத்து நடப்பவற்றை உற்றுப் பார்த்தால், இரு பக்கமும் போக்குவரத்து உள்ள மக்கள் இருக்கிறார்கள். லண்டனின் கிங்ஸ்டன் பகுதி 2016இல் யாழ்ப்பாணத்தோடு இரட்டை நகர உறவு செய்துகொண்டது; அப்போதைய வட மாகாண முதலமைச்சர் விக்னேஸ்வரன் நேரில் சென்று கையெழுத்திட்டார். அந்தப் பகுதியில் ஈழத்தமிழர் கணிசமாக வாழ்வதே அதன் அடிப்படை. அதே கிங்ஸ்டனின் நியூ மால்டனில் கொரியர் திரளாக இருப்பதால், சியோலின் குவானக் பகுதியோடும் அதற்கு உறவு உண்டு. இங்கே பிரதமர்களின் பயணம் உறவைத் தீர்மானிக்கவில்லை. தெருவில் யார் வாழ்கிறார்கள் என்பது தீர்மானித்தது. இந்த அளவுகோலை வைத்தால், தமிழ்நாட்டில் சகோதர நகர உறவுக்கு மிகத் தகுதியான இடம் சென்னைக்கு முன்பாக ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமாகத்தான் இருக்கும்.

இப்போதைய சட்டத்துக்குள்ளேயே அதற்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. முதலாவது, அருகிலுள்ள மாநகராட்சிகள். காஞ்சிபுரமும் தாம்பரமும் 2021இல் மாநகராட்சிகள் ஆயின. 2022 முதல் இரண்டுக்கும் தேர்ந்தெடுத்த மேயரும் மன்றமும் உண்டு. தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் இவ்விரு பக்கங்களிலிருந்தும்தான் வேலைக்கு வருகிறார்கள். காஞ்சிபுரம் பட்டுக்கும் கோயிலுக்கும் சகோதரர்களைத் தேடலாம். கூடவே, தன் மாவட்டத்தின் கார்த் தொழிலுக்காகவும் ஒரு கொரிய அல்லது ஜெர்மன் தொழில் நகரத்தைத் தேடலாம். இரண்டாவது, ஒரகடம், வல்லம், வடகால், மாம்பாக்கம், பிள்ளைப்பாக்கம் போன்ற தொழில் ஊர்களை ஒரே நகர்ப்புற அமைப்பாக்குவது. சொத்துவரியும் தொழில்வரியும் ஒரே கணக்கில் சேரும்; மன்றத்துக்கு மொழி தெரிந்த ஓர் அலுவலரையாவது வைத்துக்கொள்ள வசதி வரும். ஊராட்சித் தலைவர்கள் இதை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஊரக வேலை உறுதித் திட்டம் நகர்ப்புறத்துக்கு இல்லை என்ற நியாயமான அச்சமும் அவர்களுக்கு உண்டு.

ஒப்பந்தத்தில் எந்தத் துறைகளை எழுதுவது என்பதிலும் கவனம் தேவை. முதலீடு ஈர்ப்பது என்று எழுதினால் வீண். அதை மாநில அரசின் கைடன்ஸ் நிறுவனம் 1992 முதல் செய்துவருகிறது, ஊர் மன்றத்தால் அதற்குமேல் செய்ய முடியாது. கம்பெனியும் சிப்காட்டும் தொடாத இடங்கள்தான் மன்றத்துக்குரியவை. சொந்த ஊரை விட்டு வந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஒரு கிராமத்தில் தங்கும்போது தெருவிளக்கு, பஸ், மருத்துவம் எப்படி இருக்க வேண்டும் என்பது. தொழிற்சாலைப் பகுதித் தீயணைப்பு நிலையங்களுக்கான கூட்டுப் பயிற்சி. கனரக லாரி ஓடும் சாலையில் சைக்கிளும் நடையும் எப்படிப் பிழைப்பது என்பது. ஐடிஐ ஆசிரியர்கள் மூன்று மாதம் ஜெர்மன் தொழிற்பள்ளியில் கற்பித்துத் திரும்புவது. அரசுப் பள்ளி மாணவர் பத்துப் பேர் கொரியாவின் உல்சானில் இரண்டு வாரம் ஒரு குடும்பத்தோடு தங்குவது. ஹூண்டாயின் உல்சான் ஆலை உலகின் மிகப்பெரிய கார் ஆலை. கப்பலேற்றத் தனித் துறைமுகமே வைத்திருக்கிறது. அதைச் சுற்றி ஊர் எப்படி வளர்ந்தது, ஆற்றை எப்படிக் கெடுத்தது, பிறகு எப்படி மீட்டது என்பதை மாணவர்களும் உறுப்பினர்களும் நேரில் பார்த்தால், கம்பெனியின் சமூகப் பொறுப்பு அறிக்கையில் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

செலவு பெரிதல்ல. பத்து மாணவர், இரண்டு ஆசிரியர், ஆண்டுக்கு ஒரு முறை போய்வர ஆகும் தொகையை ஒரு நகராட்சி தாங்கும். விருந்தினர் இங்கே வரும்போது தங்குவதற்கு வீடுகள் கிடைத்தால் இன்னும் குறையும். அதிகம் தேவைப்படுவது தொடர்ச்சி: மன்றத் தீர்மானம், வரவுசெலவில் தனித் தலைப்பு, பொறுப்பான ஓர் அலுவலர், மேயர் மாறினாலும் கலையாத ஊர்க்குழு. ஒப்பந்தக் காலத்தை ஐந்தாண்டு என்று எழுதினால், அதைப் புதுப்பிப்பதா விடுவதா என்பதை அந்தந்த மன்றம் கணக்குப் பார்த்து முடிவுசெய்துகொள்ளும்.